சுகம் பெறாதவர்களின் விசுவாசத்துக்கும் சபையில் இடம் வேண்டும்

எங்கள் சேகரத்தின் குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகர மன்றத்தின் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில், ஆண்டவர் தங்கள் வாழ்வில் செய்ததைச் சபை முன்பாகச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், ஆனால் சுகமும் விடுதலையும் ஆசீர்வாதமும் பெற்றவர்கள் மட்டுமே அழைக்கப்படுவார்கள் என்று மன்றம் எடுத்த தீர்மானம் சென்ற ஞாயிறு ஆராதனையின் முடிவில் வாசிக்கப்பட்டது. பண்டிகையை ஒட்டி நடக்கும் சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போன ஆண்டு வந்த பிரசங்கியாரே மறுபடியும் வருகிறார் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. நான் முன்னமே பெயர் கொடுத்திருந்தேன். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும், நான் சொல்லப்போவது சபையாருக்குச் சோர்வை உண்டாக்கும் என்றும் மன்றத்தின் சார்பில் என்னிடம் தெரிவித்தார்கள். மூப்பர்களை நேரில் வந்து கண்டு பேசியும் தீர்மானம் மாறவில்லை. ஆகையால், சபையில் சொல்ல அனுமதிக்கப்படாததை, சபையார் எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் வாலிப நாள் முதல் இந்த ஆலயத்தின் பாடகர் குழுவில் பாடியவர் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் செயலிழக்கச் செய்த பிறகு, வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதே அவருடைய வாழ்க்கையாயிற்று. டயாலிசிஸ் என்பது நோயைக் குணமாக்கும் சிகிச்சை அல்ல. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை இயந்திரம் ஓரளவுக்குச் செய்து, ஆளை அடுத்த முறை வரைக்கும் கொண்டு சேர்க்கிறது, அவ்வளவுதான். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் தேங்கி நுரையீரலுக்குள் இறங்கும்; பொட்டாசியம் கூடினால் இருதயம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். குடிக்கும் தண்ணீருக்கே அளவு உண்டு. சித்திரை வெயிலில், வைத்தியர் அளந்து கொடுத்த தண்ணீர் தீர்ந்துபோன பின்னும் நா வறண்டு அவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாழைப்பழமும் இளநீரும்கூட அவருக்கு விலக்கப்பட்டிருந்தன. மூச்சு நீளாததால் அடித்தொனியில் ஓர் அடியை முழுதாக அவரால் பிடிக்க முடியாமற்போன பின்னும், பாடகர் வரிசையில் தம்முடைய இடத்தில் அவர் உட்காராத ஞாயிறு அரிது. ஆஸ்பத்திரிச் செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தாங்கியது. மற்றதை நாங்கள் தாங்கினோம்.

இவற்றில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. நோய் மனிதருக்கு வருவது. நான் ஏற்க மறுப்பது, அந்த நோயின்மேல் நம் சபை ஏற்றிவைத்த பாரத்தை.

வீட்டுக்கு வந்த ஜெபக் குழுவினர், ஒவ்வொரு முறை டயாலிசிஸுக்குப் போகும்போதும் கர்த்தரை நம்பவில்லை என்று அவர் வாயால் சொல்லாமல் செயலால் அறிக்கையிடுவதாகச் சொன்னார்கள். மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். முன்னோரின் சாபமாயிருக்குமோ என்றும் கேட்டார்கள். அதன் பின், போன ஆண்டுக் கூட்டத்தில், பிரசங்கியார் அவரை மேடைக்கு முன்பாக அழைத்து, தலையில் கை வைத்து, இவர் சுகமாகிவிட்டார், இனி ஊசியும் இயந்திரமும் இவருக்கு வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். சபையார் கைதட்டினார்கள். மேடையில் அமர்ந்திருந்த நம் மூப்பர்களில் ஒருவரும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அதிகாலையில் வழக்கம்போல் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஏறினோம். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தவர், ஊசி குத்துவதற்காகக் கையை நீட்டியபோது, "நான் ஆண்டவரை அவமானப்படுத்துகிறேனா?" என்று என்னிடம் கேட்டார். நோய் அவருக்கு எத்தனையோ வேதனைகளைக் கொடுத்தது; இந்தக் கேள்வியை அவருக்குக் கொடுத்தது நோய் அல்ல, நாம்.

சில மாதங்களுக்குப் பின் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே, விசுவாசத்தில் இன்னும் கொஞ்சம் உறுதியாய் நின்றிருந்தால் தப்பியிருப்பார் என்று என் பிள்ளைகளின் காதுபடப் பேசினார்கள். என் மகன் அன்றைக்குப் பிறகு ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவன் ஆண்டவரைவிட்டுப் போகவில்லை, நம்மைவிட்டுத்தான் போனான் என்று நான் நம்புகிறேன். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வயதில் ஒரு பிள்ளை எத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கும் என்பதற்கு மன்றம் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஐயா, நீங்கள் வேதசாஸ்திரம் கற்றவர்கள்; நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் மட்டுமே. ஆனாலும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன். எலிசாவுக்கு விசுவாசம் குறைவாயிருந்ததா? நாகமானின் குஷ்டரோகம் நீங்க வழி சொன்னவன், சூனேமியாளின் மகனை உயிரோடே எழுப்பித் தாயிடம் கொடுத்தவன், தானோ வியாதிப்பட்டு அந்த வியாதியிலேயே இறந்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 13ஆம் அதிகாரம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அடக்கம்பண்ணப்பட்ட பின் அவனுடைய எலும்புகளில் பட்ட பிரேதம் உயிர்பெற்றது என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. சாகும் வியாதியாய்க் கிடந்தவனிடத்தில் தேவ வல்லமை குறைந்துபோயிற்று என்று அதை வாசிக்கிற யாரால் சொல்ல முடியும்? பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்தேன் என்று அவனே எழுதுகிறான். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். உன் விசுவாசத்தைச் சோதித்துப் பார் என்று சொல்லவில்லை. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தபோது கர்த்தர் அவனுடைய நாட்களைக் கூட்டினார், ஆனால் பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டும்படியும் ஏசாயா தீர்க்கதரிசி சொன்னான். ஜெபம் கேட்கப்பட்ட அதே வீட்டுக்குள் மருந்தும் வந்தது.

யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தைக் காட்டி எனக்குப் பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மன்றத்தில் பேசியபோதும் அதைத்தான் காட்டினீர்கள். அதையே இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள். அந்த ஜெபத்திலுள்ள விசுவாசம் முதலாவது மூப்பர்களிடம் கேட்கப்படுகிறது. படுத்துக் கிடக்கிறவனிடம் அல்ல. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நான்கு பேரின் காரியமும் அப்படியே. அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் என்ன நம்பினான், எவ்வளவு நம்பினான் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. சுமக்க வேண்டியது சபை. நம் சபையிலோ, சுமக்கப்பட வேண்டியவனை எழுப்பி நிறுத்தி, உன் விசுவாசத்தின் கணக்கைக் காட்டு என்று கேட்கிறோம்.

இது நம் சபையில் மட்டும் நடப்பதல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்திருந்த யாத்திரிகர்களும் அவர்களில் இருந்தார்கள். பிரேதங்கள் இன்னும் கரையில் கிடந்தபோதே, இது இன்ன பாவத்துக்கு வந்த தண்டனை என்று மேடையில் நின்று விளக்கம் சொன்ன பிரசங்கியார்கள் உண்டு. என் காதால் கேட்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளென்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்லவென்று ஆண்டவரே தம் வாயால் சொல்லியிருக்க, பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று அவரே மறுத்திருக்க, நாம் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்பதை விடவில்லை. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாய் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடே தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். தேவனையே கேள்வி கேட்ட யோபு நிதானமாய்ப் பேசினான் என்றும், தேவனுக்காக வழக்காடியவர்கள் அப்படிப் பேசவில்லை என்றும் அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. ஆறுதல் சொல்லப் போகிற ஒவ்வொருவரும் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

தொலைவில் தேட வேண்டாம், நம் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்டார். அவருக்காக ஜெபிக்க ஆட்கள் இல்லாமலா இருந்தார்கள்? அவர் வளர்த்த பிள்ளைகளும் உடன் ஊழியர்களும் ஜெபித்தார்கள், கடல் கடந்தும் ஜெபித்தார்கள். 1951இல் மரிக்கும் வரைக்கும், ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார், வலியோடிருக்கிறவர்களுக்குத் திடன் சொன்னார். நம் தீர்மானத்தின்படி பார்த்தால், அவர் இன்று உயிரோடிருந்து நம் ஆலயத்துக்குத் தூக்கிவரப்பட்டாலும், சாட்சிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது. மருந்தைக் குறித்தும் நம் முன்னோர்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நெய்யூரில் 1838இலேயே மிஷன் வைத்தியம் தொடங்கிவிட்டது. நாசரேத்தில் பரிசுத்த லூக்காவின் பெயரால் மருத்துவமனை நிற்கிறது. ஆண் மருத்துவரை அனுமதிக்காததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், அதைத் தேவ அழைப்பாக ஏற்று, மருத்துவம் கற்றுத் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். மாத்திரையைத் தூக்கி எறிவதுதான் விசுவாசம் என்றால், இந்த ஊழியம் எல்லாம் அவிசுவாசத்தின் வேலையா?

இனி, நான் சாட்சியாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் சுகத்துக்காக ஜெபித்தார். நானும் ஜெபித்தேன், உபவாசமிருந்து, தரையில் விழுந்து, கேட்க வெட்கப்படாமல் கேட்டேன். சுகம் வரவில்லை. ஒரு கட்டத்தில் ஜெபம் எனக்கு வாயில் வராமற்போயிற்று. அப்போது என்னைத் தாங்கியது நம் மேடைகளில் ஒருபோதும் வாசிக்கப்படாத 88ஆம் சங்கீதம். அதில் வெற்றி இல்லை, விடிவு இல்லை, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. ஆனாலும் அது இரவும் பகலும் தேவனை நோக்கியே கூப்பிடுகிறது. குற்றஞ்சாட்டுவதையும் அவரிடத்திலேயே சாட்டுகிறது. பதில் வராத இடத்திலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருப்பது எப்படி என்று அந்தச் சங்கீதம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. என் கணவரோ, இயந்திரத்தோடு படுத்திருந்த நேரங்களில் பாமாலைப் பாட்டுகளை உதடு மட்டும் அசைத்துப் பாடுவார். பக்கத்துப் படுக்கையில் ஓர் இளைஞர், வேறு மார்க்கத்தவர், அவரோடு பேச்சுக் கொடுத்துப் பழகி, தனக்குப் பயமாயிருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது, "எனக்கும் பயந்தான் தம்பி, பயத்தோடேயே அவருடைய கையைப் பிடித்திருக்கிறேன்" என்றார். கடைசி வாரங்களில் ஓர் இரவு, ஆண்டவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பது தமக்கு விளங்கவில்லை என்றும், விளங்காததற்காக அவரை விட்டுவிட்டு வேறு யாரிடம் போவது என்றும் என்னிடம் சொன்னார். அதற்குப் பின் அந்தக் கேள்வியை அவர் மறுபடியும் கேட்கவில்லை. அது அடங்கிப்போனதால் அல்ல. கேள்வியோடேயே அவர் திருவிருந்து வாங்கினார், கேள்வியோடேயே மரித்தார்.

இதைச் சபையார் கேட்டால் சோர்ந்துபோவார்கள் என்கிறீர்கள். நம் சபையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையில்லாதவர்கள் இருக்கிறார்கள், வேலை போனவர்கள், பிள்ளையை அடக்கம்பண்ணியவர்கள், வருஷக்கணக்காய் ஒரே விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பண்டிகையிலும் அடுத்தவர் பெற்ற நன்மையைக் கேட்டு, தனக்கு ஏன் இல்லை என்று உள்ளுக்குள் குன்றிப்போகிறவர்கள் அவர்களே. சுகம் பெற்றவர்களின் சாட்சியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கர்த்தர் அவர்களுக்குச் செய்ததற்காக நானும் அவரைத் துதிக்கிறேன். எபிரெயர் 11ஆம் அதிகாரம் சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்களையும் மரித்தோரை உயிரோடே பெற்றுக்கொண்ட ஸ்திரீகளையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில், வாதிக்கப்பட்டவர்களையும் வாளால் அறுப்புண்டவர்களையும் சொல்லி, இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்று முடிக்கிறது. வேதம் ஒரே பட்டியலில் வைத்தவர்களை, நம் மன்றம் ஒரு தீர்மானத்தால் இரண்டாகப் பிரிக்க அதிகாரம் பெற்றிருக்கிறதா?

இது கடந்துபோன காரியம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். அறிவிப்பு வாசிக்கப்பட்ட அன்று மாலை, நம் சபையைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகளுக்குச் சிறுவயது முதல் டைப் 1 சர்க்கரை நோய். கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. ஊசி போட்டால்தான் உயிர். கூட்டத்துக்கு முன் உபவாசமிருந்து, விசுவாசத்தின் அடையாளமாக ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். 1922இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் கொடுக்கப்படும் வரைக்கும் இந்த நோய் கண்ட பிள்ளைகளுக்குச் சாவைத் தவிர வேறு முடிவில்லை. இன்றும் ஊசியை அடியோடு நிறுத்தினால் சில நாட்களுக்குள் இரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்பும் கண்டு, பிள்ளை நினைவிழந்துபோகும். நிறுத்தக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். ஆனால் சுகம் பெறாதவனின் மனைவி சொன்ன வார்த்தைக்கு, மேடையில் ஒலிபெருக்கியோடு சொல்லப்படும் வார்த்தைக்கு முன்பாக, எவ்வளவு மதிப்பு இருக்கும்? அந்தப் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால், விசுவாசம் போதவில்லை என்று அவளுடைய கல்லறையண்டையிலும் சொல்வோமா?

ஆகவே சேகர மன்றத்தை நான் கேட்டுக்கொள்வது இவை. சாட்சி நேரத்தைச் சுகம் பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கும் தீர்மானத்தை, பண்டிகைக்கு முன்பே கூடி, ரத்து செய்யுங்கள். அந்த ரத்தையும் அதே ஆராதனை வேளையில் வாசியுங்கள். வரவிருக்கும் பிரசங்கியாரிடம், வைத்தியர் சொல்லாமல் ஒருவரும் மருந்தையோ ஊசியையோ டயாலிசிஸையோ நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் தாமே சொல்ல வேண்டும் என எழுத்தில் கேளுங்கள்; அவர் மறுத்தால் நம் மேடையை அவருக்குக் கொடாதேயுங்கள். குருவானவர் ஐயா, அதற்கும் காத்திராமல், இந்த ஞாயிறே பிரசங்கபீடத்திலிருந்து, இன்சுலின் எடுத்துக்கொள்வது பாவமல்ல, சிகிச்சைக்குப் போவது அவிசுவாசமல்ல என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களுடைய ஒரு வாக்கியம் அந்த வீட்டில் என்னுடைய ஆயிரம் வார்த்தைகளைவிடப் பாரமுள்ளதாயிருக்கும்.

பண்டிகை முறைமையில் புலம்பலின் சங்கீதம் ஒன்றையாவது சேர்த்து, அதற்குப் பின் சபையார் அமர்ந்து மெளனமாய் ஜெபிக்க நேரம் கொடுங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலாயிருக்க, நம் ஆராதனையில் அவற்றுக்கு இடமே இல்லாமற்போனது முறையல்ல. ஜெபக் குழுவினர் வியாதியஸ்தர் வீட்டில் பாவத்தையும் சாபத்தையும் விசாரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் போகிறவர்களோடு முறை வைத்துத் துணைக்குப் போகவும், பேருந்துச் செலவுக்குத் திண்டாடுகிற குடும்பங்களுக்குப் பண்டிகைக் காணிக்கையிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். கூட்டப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

என் கணவரைக் குறித்து மேடையில் சொல்லப்பட்டது உண்மையாகவில்லை என்பதையும், அவர் விசுவாசத்தோடே மரித்தார் என்பதையும் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். அதன் ஒரு நகல் என் மகனுக்கு வேண்டும். இந்தக் கோரிக்கைகளுக்கு மன்றத்தின் பதிலை, பண்டிகைக்கு முந்தின ஞாயிறுக்குள், எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சேகரத்தின் அங்கத்தினரான ஒரு பெண்